உஷார்! தெளிந்த தண்ணீரிலும் பாஷாணம் இருக்கலாம்

தண்ணீரில் கலங்கல் இல்லை. நாற்றம் இல்லை. வாயில் வைத்தால் உப்புக் கரிக்கவில்லை. இவ்வளவும் சரியாக இருந்தாலும் அதில் ஆர்சனிக் என்கிற பாஷாணம் இருக்கிறதா என்று உங்களால் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது, கைராசிக்கார மருத்துவராலும் முடியாது. கண், மூக்கு, நாக்கு மூன்றுக்கும் அது அகப்படாது. பல வருடம் குடித்த பிறகு உள்ளங்கையில் தெரியும். அந்த நிலைக்கு வந்துவிட்டவர்களும் இனி வரப்போகிறவர்களும் வங்கதேசத்திலும் கங்கைச் சமவெளியிலும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

பாஷாணம் என்றதும் நம் மனதில் வருவது கொலைக் கதைதான். சோற்றில் கலந்தார்கள், வாந்தி பேதி கண்டது, விடிவதற்குள் உயிர் போனது. அது ஒரே வேளையில் அதிகமாக உள்ளே போனால் நடப்பது. 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் பிணத்தின் வயிற்றிலிருந்து ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார். அதற்குப் பிறகு விஷம் வைத்தவர்கள் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நான் எச்சரிக்க வந்தது வேறொன்றைப் பற்றி. யாரும் யாருக்கும் வைக்காத விஷம். தினமும் துளித்துளியாக, நாம் நம்பிக் குடிக்கிற பொருளோடு சேர்ந்து உள்ளே போய், பத்து வருடம், இருபது வருடம் கழித்துக் கணக்குத் தீர்க்கிற விஷம். இருநூறு வருடத்துக்கும் மேலாக இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நல்லது என்று நம்பிய பொருளில்தான் வந்தது. நோயாளியைப் பார்த்தவர்கள் முதலில் வேறு ஏதோ நோயின் பெயரைச் சொன்னார்கள். சோதனை கடைசியில்தான் நடந்தது.

முதலில் மருந்தாக வந்தது. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டில் மருத்துவராக இருந்த தாமஸ் ஃபௌலர், 1786இல் பொட்டாசியம் ஆர்சனைட் கரைசல் ஒன்றை வெளியிட்டார். முறைக்காய்ச்சலுக்கு என்று ஆரம்பித்த அந்த மருந்தை ஆஸ்துமா, சொரியாசிஸ், ரத்தப் புற்றுநோய் என எல்லாவற்றுக்கும் கொடுத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் அது அலமாரியை விட்டு இறங்கவில்லை. குடித்தவர்களுக்கு ஆரம்பத்தில் குணம் தெரிந்தது, அதனால் வருடக்கணக்கில் குடித்தார்கள். 1887இல் லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன், சொரியாசிஸுக்காக நெடுங்காலம் ஆர்சனிக் சாப்பிட்டவர்களுக்குத் தோல் புற்றுநோய் வருவதைச் சுட்டிக்காட்டினார். இந்த வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துளித்துளியாகப் போகும் ஆர்சனிக் புற்றுநோய் தரும் என்று மருத்துவ உலகத்துக்கு 1887லேயே சொல்லியாகிவிட்டது.

பிறகு சுவருக்கு அழகாக வந்தது. 1775இல் ஷீலே என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த ஆர்சனிக் பச்சை நிறம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சுவர்த்தாள், துணி, செயற்கைப் பூ எல்லாவற்றிலும் பூசப்பட்டது. முகப்பொலிவு தரும் என்று ஆர்சனிக் வில்லைகளைப் பெண்கள் விலை கொடுத்து வாங்கித் தின்ற காலமும் இருந்தது. இவற்றை இன்று யாரும் வாங்கப்போவதில்லை என்பதால் மேலே செல்கிறேன்.

ஆனால் மான்செஸ்டரில் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. 1900ஆம் ஆண்டு. அந்த ஊரிலும் சுற்றுப்பக்கத்திலும் ஏழைத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கால் மரத்துப்போகிறது, பாதம் எரிகிறது, நடக்க முடியவில்லை, தோல் கருக்கிறது. எல்லோரும் பீர் குடிப்பவர்கள். மருத்துவர்கள் சட்டென்று முடிவு கட்டினார்கள்: குடிகாரர்களுக்கு வரும் நரம்புத் தளர்ச்சி. குடியை நிறுத்து என்று புத்தி சொல்லி அனுப்பினார்கள். எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் என்ற மருத்துவருக்கு மட்டும் அது பொருந்தி வரவில்லை. குடிதான் காரணம் என்றால் விஸ்கி குடிப்பவர்களுக்கு ஏன் இது வரவில்லை? பீரை வாங்கிவந்து மார்ஷ் முறையைப் போல அன்று வழக்கிலிருந்த ஒரு எளிய சோதனையில் பார்த்தார். ஆர்சனிக் இருந்தது.

வந்த வழி இது. மலிவு பீருக்கு மால்ட் போதாமல் சர்க்கரைப் பாகு சேர்த்தார்கள். அந்தச் சர்க்கரையைத் தயாரிக்கக் கந்தக அமிலம் வேண்டும். அமிலம் செய்த இடத்தில் ஆர்சனிக் கலந்த கனிமத்தை எரித்திருந்தார்கள். அமிலத்திலிருந்து சர்க்கரைக்கு, சர்க்கரையிலிருந்து பீருக்கு, பீரிலிருந்து தொழிலாளியின் நரம்புக்கு. 6,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், குறைந்தது 70 பேர் செத்தார்கள். அரசு அமைத்த விசாரணை ஆணையத்துக்குத் தலைவர் விஞ்ஞானி கெல்வின் பிரபு. இத்தனை மருத்துவர்களில் ஒருவர் எழுந்து, பீரைச் சோதித்துப் பார்ப்போம் என்று சொல்லாமல் போயிருந்தால், இறந்த அத்தனை பேரும் குடித்தே செத்தவர்கள் என்ற பெயரோடுதான் புதைக்கப்பட்டிருப்பார்கள். எனக்கு இதுதான் நெஞ்சை அடைக்கிறது.

இதற்குப் பிறகாவது உலகம் விழித்திருக்க வேண்டும். தைவானின் தென்மேற்குக் கடலோரத்தில் மேல்மட்டத் தண்ணீர் உப்புக் கரித்ததால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆழமாகத் துளையிட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். நல்ல தண்ணீர் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டார்கள். சில பத்தாண்டுகளில் அங்கே கால்விரல்கள் கறுத்து அழுக ஆரம்பித்தன. ‘கருங்கால் நோய்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. ரத்தம் ஓடாத காலை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. 1968இல் வெளியான ஆய்வில் அந்தப் பகுதியின் 40,421 பேரைப் பரிசோதித்ததில் 428 பேருக்குத் தோல் புற்றுநோய் இருந்தது. ஆயிரத்துக்குப் பத்துப் பேருக்கு மேல்!

சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டா நகரத்தில் நடந்தது இன்னும் கொடுமை, ஏனென்றால் அங்கே தொடக்கமும் முடிவும் துல்லியமாகத் தெரியும். பாலைவன நகரம். 1958இல் மலை ஆற்றிலிருந்து புதிய குழாய்த் தண்ணீர் வந்தது. லிட்டருக்குச் சுமார் 860 மைக்ரோகிராம் ஆர்சனிக். 1970இல் சுத்திகரிப்பு நிலையம் கட்டி அதைக் குறைத்தார்கள். மொத்தம் பன்னிரண்டு வருடம்தான். ஆனால் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மரணங்கள் அதற்குப் பிறகுதான் ஏறின. நல்ல தண்ணீர் வந்து நாற்பது வருடம் ஆகியும் அந்த விகிதம் இறங்கி முடியவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் தாய் வயிற்றிலும் தொட்டிலிலும் இருந்த பிள்ளைகள் முப்பது நாற்பது வயதில் நுரையீரல் நோயால் செத்தார்கள், மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு அதிகமாக. கர்ப்பிணி குடிக்கும் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் மறக்கக் கூடாது.

இனி வங்காளம். இவ்வளவு பேருக்கு விஷமேறிய சம்பவம் மனித வரலாற்றிலேயே வேறு இல்லை என்று ஆலன் ஸ்மித் தலைமையிலான ஆய்வாளர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2000ஆம் ஆண்டு எழுதினார்கள். அப்போது வங்கதேசத்தின் மக்கள்தொகை 12.5 கோடி. ஆபத்தில் இருந்தவர்கள் 3.5 கோடியிலிருந்து 7.7 கோடி வரை என்பது அவர்கள் கணக்கு.

இதைச் செய்தது கெட்ட எண்ணம் அல்ல. குளத்துத் தண்ணீரைக் குடித்துக் காலராவிலும் பேதியிலும் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த நாடு அது. 1970களில் யுனிசெஃப் உதவியோடு அரசு ஊர் ஊராக அடிபம்பு இறக்கியது. பிறகு மக்களே கடன் வாங்கி, நகையை அடகு வைத்து வீட்டுக்கு வீடு இறக்கிக்கொண்டார்கள். கிருமி இல்லாத தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரில் கிருமியைப் பார்த்தவர்கள் ஆர்சனிக்கைப் பார்க்கவில்லை. ஹட்சின்சன் எழுதித் தொண்ணூறு வருடம், மான்செஸ்டர் நடந்து எழுபது வருடம், தைவான் ஆய்வு வந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. சோதனைப் பட்டியலில் அந்த ஒரு வரி இல்லை!

பூமிக்குக் கீழே நடந்தது என்ன? இமயமலைப் பாறைகளிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்துக்கொண்டு வந்த வண்டலில், இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு ஆர்சனிக்கும் வந்து படிந்தது. மேலே வண்டல் மூடிக் காற்றுப் புகாத ஆழத்தில், மக்கிய செடிகொடிகளைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் அந்தத் துருவைக் கரைக்கின்றன. துரு கரைந்தால் ஆர்சனிக்கும் தண்ணீரில் இறங்கிவிடும். அடிபம்பு எட்டுகிற ஆழமும் பெரும்பாலும் அதுதான். ஆலைக் கழிவு கலந்தால்தான் விஷம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பல மைல் சுற்றளவில் ஒரு தொழிற்சாலைகூட இல்லாத, பச்சைப் பசேல் என்று வயல் விரிந்த கிராமத்திலும் இது இருக்கும்.

1983இல் கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, மேற்கு வங்கக் கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் தோலைப் பார்த்துக் காரணம் ஆர்சனிக் என்று கண்டுபிடித்தார். நெஞ்சிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போல் கருப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்துச் சொரசொரப்பான காய்ப்புகள். ஊரார் அதைத் தொழுநோய் என்றார்கள். அந்தப் பெயரால் பெண்களுக்குக் கல்யாணம் நின்றது, கட்டியவன் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பினான், பிள்ளைகளைப் பள்ளியில் தள்ளி உட்கார வைத்தார்கள். மான்செஸ்டரில் குடிகாரன், இங்கே தொழுநோயாளி. விஷத்தைக் குடித்தவர் மேலேயே பழி.

எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே வண்டல்தான். அங்கே நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருப்பதை அரசு உறுதி செய்தது 1993இல். பத்து வருடம்! இடையில் 1992இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் வங்கதேசத்தின் ஒரு பகுதியில் தண்ணீரை ஆய்வு செய்தது. பல தனிமங்களைத் தேடிய அந்த ஆய்வு ஆர்சனிக்கைத் தேடவில்லை. பாதிக்கப்பட்ட ஒரு கிராமத்தவர் லண்டன் வரை வழக்குப் போட்டார். 2006இல் பிரபுக்கள் சபை அதைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். என் மனது ஒப்பவில்லை.

ஆர்சனிக் இருப்பது உறுதியான பிறகு வங்கதேசத்தில் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, விஷக் கிணற்றுப் பம்புக்குச் சிவப்பும் நல்ல கிணற்றுக்குப் பச்சையும் அடித்தார்கள். நல்ல வேலை. ஆனால் பெயிண்ட் உதிர்ந்துவிடும். புதிதாகத் துளையிட்ட கிணறுகள் சோதிக்கப்படாமலே ஓடின. 2016இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு கொடுத்த கணக்கில், அப்போதும் சுமார் 2 கோடி பேர் அந்நாட்டு வரம்பைத் தாண்டிய தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். அராய்ஹசார் பகுதியில் 11,746 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2010இல் லான்செட் இதழில் வந்தது. அங்கே நடந்த மரணங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் ஆர்சனிக்கின் பங்கு. தோலில் ஒரு புள்ளியும் இல்லாமல் மாரடைப்பில் போனவர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். இதயம், ரத்தக்குழாய், நுரையீரல், சிறுநீர்ப்பை எல்லாவற்றையும் அது தொடும். நீரிழிவோடும் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவோடும் தொடர்பு காட்டப்பட்டிருக்கிறது.

வங்காளம் தூரத்தில் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேற்கு வங்கத்தோடு நின்றுவிடும் என்று நினைத்த பிரச்சினை 2002இல் பீகாரின் போஜ்பூரிலும், 2003இல் உத்தரப்பிரதேசத்தின் பாலியாவிலும் தெரியவந்தது. தேடிய இடங்களில்தான் கிடைத்தது. வேலைக்காகவோ படிப்புக்காகவோ அந்த மாநிலங்களில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

அளவு என்ன? உலக சுகாதார நிறுவனம் 1993இலிருந்து லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வைத்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவும் அதுதான். வங்கதேசத்தின் வரம்பு 50. பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் டாங்கர் லாரிகள் பத்து வரிசையாக நிற்கின்றன என்று வையுங்கள். அத்தனை தண்ணீருக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம் ஆர்சனிக் கரைந்திருந்தால் அதுதான் அந்த 10. இதை நாக்கு எப்படிக் கண்டுபிடிக்கும்?

இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் ஏமாற்றும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆர்சனிக் சாகாது. ஆவியாகிப் போகிற தண்ணீரின் பங்கும் மிச்சத்தில் சேர்ந்து இன்னும் கெட்டியாகும். குளோரின் போட்டால் போகாது. மெழுகுவர்த்தி வடிவ ஃபில்டரில் நிற்காது. புற ஊதா விளக்கு அதை ஒன்றும் செய்யாது. டி.டி.எஸ். மீட்டரில் எண் குறைவாகக் காட்டினால் தண்ணீர் சுத்தம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள், அந்தக் கருவிக்கு இவ்வளவு சிறிய அளவு புலப்படாது. ஆர்.ஓ. ஓரளவு நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஆர்சனிக்கின் இரண்டு வடிவங்களில் ஒன்று அதிலும் நழுவும், அதனால் வெளியே வரும் தண்ணீரையும் சோதிக்க வேண்டும். ஆர்சனிக்கை உண்மையில் பிடிப்பது எந்த இரும்புத் துருவிலிருந்து அது கரைந்ததோ அதே வகைப் பொருள்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் கொண்டு ‘அம்ரித்’ என்ற சுத்திகரிப்பு முறையை உருவாக்கி, பாதிக்கப்பட்ட வட மாநிலக் கிராமங்களில் நிறுவியிருக்கிறது. நம் ஊரிலிருந்து போன கை அது என்பதில் எனக்குப் பெருமை.

சோற்றையும் விட்டுவிடக் கூடாது. தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் வளர்வதால் மற்ற தானியங்களைவிட நெல் ஆர்சனிக்கை அதிகம் உறிஞ்சும். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் அரிசிக்கு வரம்பு விதித்தபோது, குழந்தை உணவுக்கான அரிசிக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று இன்னும் கடுமையாக வைத்தது. பிரிட்டனில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாலுக்குப் பதிலாக அரிசிப் பானம் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள். அங்கே குடியிருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டும். நம் பாட்டிமார் செய்ததே இங்கே கைகொடுக்கிறது. அரிசியைக் களைந்து, ஒரு பங்குக்கு ஆறு பங்கு நல்ல தண்ணீர் வைத்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால் ஆர்சனிக்கில் கணிசமான பங்கு, சில சோதனைகளில் பாதிக்கு மேல்கூட, கஞ்சியோடு போய்விடுகிறது. குக்கரில் வைத்தால் அப்படியே தங்கும். உலை வைக்கிற தண்ணீரே விஷமாக இருந்தால் இது தலைகீழாகி, சோறு இன்னும் ஏற்றிக்கொள்ளும்.

அடுத்தது மருந்துப் பொட்டலம். தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் மூன்றும் ஆர்சனிக்தான். சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து, அளவோடு, முறையாகப் படித்தவர் கொடுக்கும் மருந்துகளைப் பற்றி நான் பேசவில்லை. ஆங்கில மருத்துவத்திலும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்சனிக் ட்ரைஆக்சைடைத் தருகிறார்கள், ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, இதயத் துடிப்பைக் கண்காணித்துக்கொண்டே. நான் பயப்படுவது பெயரும் இல்லாமல், தயாரித்தவர் முகவரியும் இல்லாமல் கைமாறும் பொடிகளுக்கு. சிங்கப்பூரில் ஆஸ்துமாவுக்கு விற்ற சீன மூலிகை மாத்திரைகளைச் சாப்பிட்டு ஆர்சனிக் ஏறிய 74 பேரைப் பற்றி 1975இல் மருத்துவர்கள் எழுதினார்கள். 2004இல் அமெரிக்காவின் பாஸ்டனில் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. இழுப்புக்கும் சொரியாசிஸுக்கும் வருடக்கணக்கில் சாப்பிடு, பக்க விளைவே இல்லை என்று சொல்லிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஃபௌலரின் மருந்தையும் அதே இரண்டு நோய்க்கும் கொடுத்தார்கள்.

உடம்பில் ஆர்சனிக் ஏறிவிட்டதோ என்று சந்தேகம் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினால் உடம்பில் இருக்கும் ஆர்சனிக்கில் பெரும்பகுதி சில நாட்களில் சிறுநீரோடு வெளியேறிவிடும். ஏற்கெனவே நடந்த சேதம் அப்படி மறையாது, ஆனால் மேலும் சேதம் சேர்வது நிற்கும். பீடி சிகரெட் பிடிப்பவராக இருந்தால் அன்றே விடுங்கள், ஆர்சனிக்கும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பன்மடங்காகிறது. உடம்பு ஆர்சனிக்கை மாற்றி வெளியேற்ற ஃபோலேட் சத்து தேவை, கீரையும் பருப்பும் தட்டில் இருக்கட்டும். தொழுநோயின் தேமலில் தொட்டால் உணர்ச்சி இருக்காது, ஆர்சனிக் புள்ளியில் உணர்ச்சி இருக்கும். ஆனாலும் முடிவு சொல்ல வேண்டியவர் தோல் மருத்துவர்தான். சிறுநீர்ச் சோதனை சமீபத்திய நாட்களைக் காட்டும், நகமும் முடியும் கடந்த மாதங்களைக் காட்டும். சோதனைக்கு முன் சில நாள் மீன், இறால் சாப்பிடாதீர்கள். கடல் உணவில் இருக்கும் ஆர்சனிக் பெரும்பாலும் தீங்கற்ற வகை, ஆனால் கணக்கை ஏற்றிக் காட்டி வீணாகப் பயமுறுத்தும்.

புதிதாக போர் போடுகிறவர்கள், தண்ணீர் வந்த சந்தோஷத்தில் உடனே குடிக்க ஆரம்பித்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக் கிணறு நன்றாக இருப்பதை வைத்து உங்களுடையதை முடிவு செய்யாதீர்கள், வங்காளத்தில் சில அடி தூரத்தில் ஒன்று நல்லதாகவும் ஒன்று விஷமாகவும் இருக்கின்றன. பரிசோதனைக் கூடத்துக்குத் தண்ணீரைக் கொண்டுபோனால் வழக்கமாகக் கடினத்தன்மை, உப்பு, கிருமி பார்த்து அனுப்பிவிடுவார்கள். ஆர்சனிக்கையும் பார்க்க வேண்டும் என்று நீங்களே வாய் திறந்து கேட்டு, அந்த வரி அறிக்கையில் வந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.